அழியாது, அடங்கும்

மெய்கண்டாரின் சிவஞானபோதத்தில் நான்காம் சூத்திரத்துக்கு வந்த ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் சின்னதாக ஒரு கலகம். உயிர் தன்னையே அறியாமல் கிடப்பதற்குக் காரணம் சகசமலம், அதாவது கூடவே இருக்கிற ஆணவம் என்று புலவர் ஐயா விளக்கிக்கொண்டிருந்தார். செம்புக்குக் களிம்பு என்றைக்கு வந்தது என்று கேட்க முடியாது, செம்பு என்றைக்கு உண்டோ அன்றைக்கே களிம்பும் உண்டு, அதுபோலத்தான் என்றார். அதுவரை எல்லோரும் தலையாட்டினோம். "அப்ப முத்தியில அந்த மலம் என்ன ஆகும்?" என்று யாரோ கேட்டார்கள். "அழியாது. அதன் சத்தி அடங்கும், அவ்வளவுதான். அது அநாதியான பொருள். அநாதிக்கு ஏது அழிவு?" என்றார் ஐயா. பின்வரிசையில் இருந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியை எழுந்துவிட்டார். "போகவே போகாத அழுக்குக்கு எதுக்குங்க ஐயா இத்தனை குளியல்? கோயிலு, குளம், விரதம், மாசாமாசம் இந்த வகுப்பு?"

நான் மன்னார்குடியில் சைக்கிள் கடை வைத்திருப்பவன். அப்பா தொடங்கிய கடை. அவர் காலத்தில் வாடகைச் சைக்கிள், என் காலத்தில் ஓவராயிலும் பஞ்சரும். டீச்சரம்மா கேட்ட கேள்வியை வேறு வார்த்தையில் நான் கடையில் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். "போன வருசம்தானே ஓவராயில் பண்ணுனோம், மறுபடியும் கரகரங்குதே, இதுக்கு முடிவே இல்லையாண்ணே?" வகுப்பில் எனக்குப் பேச வராது. உட்கார்ந்து எழுதினால் கொஞ்சம் வரும்.

முன்சக்கர ஹப்பைப் பிரித்தால் உள்ளே பக்கத்துக்குப் பத்துக் குண்டு, ஒவ்வொன்றும் 3/16 அங்குலம். பின்சக்கரத்தில் கால் அங்குலக் குண்டு, பக்கத்துக்கு ஒன்பது. மிதி சுற்றும் பி.பி. ஆக்சிலில் அதே கால் அங்குலம், பக்கத்துக்குப் பதினொன்று. பெடல், ஹேண்டில், ஃப்ரீவீல் இவற்றின் குண்டுகளைச் சேர்க்காமலே அறுபது ஆகிறது. ஆளையும் பின்னால் கட்டிய அரிசி மூட்டையையும் தாங்குவது இந்த அறுபதுதான். அதிலும் எல்லாக் குண்டும் ஒரே நேரத்தில் தாங்குவதில்லை. ஹப்பில் அந்தந்தக் கணத்தில் அடியில் வந்து நிற்கும் இரண்டு மூன்றின் மேல்தான் பாரம். மற்றவை சும்மா சுற்றி வந்து தம் முறைக்கு நிற்கின்றன. கப்பு என்பது ஹப்பின் வாயில் பதிந்த கிண்ணம். கோன் என்பது ஆக்சில் மரையில் ஏறும் கூம்பு. இரண்டுக்கும் நடுவில் குண்டும் கிரீசும். கோனை உள்ளே திருகினால் இறுகும், வெளியே திருகினால் ஆடும். இதற்கு மேல் இந்தத் தொழிலில் ரகசியம் ஒன்றுமில்லை. ஆனாலும் இதைச் சரியாக வைக்கத் தெரிந்தவர்கள் குறைவு.

இந்தக் குண்டு சைக்கிளுக்குள் வந்தது பாரிசில். ஜூல் சுரிரே என்ற சைக்கிள் மெக்கானிக் 1869-ல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். அதே ஆண்டு நவம்பரில் பாரிசிலிருந்து ருவான் நகருக்கு நடந்த பந்தயத்தில், குண்டு வைத்த சக்கரத்தோடு ஓட்டிய ஜேம்ஸ் மூர் வென்றார். பிறகு 1883-ல் ஜெர்மனியில் ஷ்வைன்ஃபுர்ட் ஊரில் ஃபிரீட்ரிக் ஃபிஷர் குண்டுகளை ஒரே அளவில் அரைத்தெடுக்கும் இயந்திரத்தைச் செய்தார். ஒரே அளவு என்பது சின்ன விஷயமில்லை. பத்தில் ஒன்று இம்மி பெரிதாக இருந்தால் அது அடியில் வரும்போதெல்லாம் மொத்தப் பாரமும் அதன் தலையில் விழும், முதலில் உடைவது அதுதான். ஆகவேதான் ஒரு குண்டு உடைந்தாலும் பத்தையும் மாற்று என்கிறோம். பழசோடு புதுசைக் கலந்து போட்டுத் தருகிற கடைக்காரர் உங்களுக்கு நாலு ரூபாய் மிச்சம் பிடித்துக் கொடுத்துக் கோனைக் கெடுக்கிறார்.

குண்டு வந்ததால் உராய்வு ஒழிந்தது என்று பாடப் புத்தகத்தில் படித்திருப்போம். ஒழியவில்லை. வழுக்கித் தேய்வது போய் உருண்டு தேய்வது வந்தது, அளவு மிகவும் குறைந்தது. புதுக் கப்பு, புதுக் கோன், புதுக் குண்டு, டப்பாவிலிருந்து அப்போதுதான் எடுத்த கிரீஸ் என்று ஒரு தூசி இல்லாமல் பூட்டிச் சக்கரத்தைச் சுழற்றிவிட்டுப் பாருங்கள். வெகுநேரம் சுற்றும், கடைசியில் நிற்கும். காற்றும் கொஞ்சம் தடுக்கிறது என்றாலும் உள்ளே இருக்கும் தடை வெளியிலிருந்து வந்த எதனாலும் அல்ல. இரும்பு இரும்பைத் தொட்டுப் பாரம் ஏற்றுக்கொள்ளும் இடத்தில் அது உண்டு. இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தப் பிடிப்பு அறவே இல்லாவிட்டால் குண்டு உருளவே செய்யாது. கப்பு அதன் மேல் வழுக்கிக்கொண்டு போகும்.

ஆக, அழுக்கு வேறு, உராய்வு வேறு. டீச்சரம்மா கேள்வியில் இரண்டும் கலந்திருந்தன. நம் சமயப் பேச்சு முழுவதிலுமே அப்படித்தான் கலந்து கிடக்கிறது என்பது என் எண்ணம். மனசு அழுக்கு என்று எல்லாவற்றையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டுகிறோம், பிறகு எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து தேடுகிறோம். சத்தம் எங்கிருந்து வந்தாலும் செயினுக்கு எண்ணெய் விடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

சத்தத்தை விசாரிக்க முறை உண்டு. மிதி ஒரு சுற்றுக்கு ஒரு தடவை 'டக்' என்றால் பி.பி., அல்லது கிராங்கைப் பிடிக்கும் காட்டர் பின், அல்லது பெடல். சக்கரம் ஒரு சுற்றுக்கு ஒரு தடவை என்றால் ஹப்பு, இல்லாவிட்டால் ரிம். மிதிப்பதை நிறுத்திய பிறகும் சத்தம் கூடவே வந்தால் பி.பி. மேல் பழி போடக்கூடாது. சீட்டிலிருந்து எழுந்ததும் நின்றுவிட்டால் குற்றவாளி சீட்டுதான். ஃபிரேம் முழுக்கக் குழாய் என்பதால் சத்தம் பிறந்த இடத்தில் கேட்காது, வேறெங்கோ போய்க் கேட்கும். கண்ணுக்குத் தெரியாத இடத்தை அனுமானத்தால்தான் பிடிக்க வேண்டும். மலையில் புகையைப் பார்த்து நெருப்பு உண்டு என்று துணிகிற அதே அளவை. அருணந்தி சிவம் தம் சிவஞான சித்தியாரில் அளவையை முதலிலேயே வைத்திருக்கிறார். படிக்கிறவர்கள் அதைக் கடமைக்குப் புரட்டிவிட்டு மேலே போய்விடுகிறார்கள். எனக்கு அந்த நூலில் பிடித்ததே அந்தப் பகுதிதான்.

விசாரணையில் முதல் கேள்வி, கோளாறு நிஜமாகவே இருக்கிறதா என்பது. அத்வைதத்தில் ஊறிய ஒரு வங்கி அதிகாரி, ஓய்வு பெற்றவர், பின்சக்கரத்தில் கடகடவென்று வருகிறது, ஹப்பைப் பிரித்துவிடு என்று வண்டியைக் கொண்டுவந்தார். தூக்கிச் சுற்றினேன், ரிம்மைப் பிடித்து ஆட்டினேன், ஒன்றுமில்லை. கேரியரில் டிபன் பாக்ஸ், அதற்குள் ஒரு ஸ்பூன். எடுத்து வெளியே வைத்தேன், சத்தம் போயிற்று. "கயிற்றரவுன்னு இதைத்தான் சொல்றது" என்று அவருக்குப் பெரிய சந்தோஷம். அங்கே பாம்பு இல்லை, இருந்தது கயிறு. தெளிந்தால் போதும், அடிக்கக் கம்பு வேண்டாம். நான் சைவன்தான், ஆனாலும் கடையில் அத்வைதத்துக்கு எப்போதும் முதல் இடம் கொடுத்துவிடுவேன். இல்லாத கோளாறுக்கு ஹப்பைப் பிரிப்பது இந்தத் தொழிலில் பெரிய பாவம். பிரித்த எதுவும் பழையபடி அப்படியே சேர்வதில்லை. மனிதர்களிலும் பார்க்கிறேன், இல்லாத குற்றத்துக்குப் பரிகாரம் செய்து செய்து நொந்தவர்களை. அவர்களுக்குத் தேவை சங்கரர்தான், மெய்கண்டார் அல்ல.

அதே சார் பிறகொரு நாள் வந்தபோது பி.பி. கப்பில் கீறல் விட்டிருந்தது. அதை அவரும் கயிற்றரவு என்று சொல்லவில்லை, நானும் காசு வாங்காமல் விடவில்லை.

இன்னொருவர் நயினார். மன்னார்குடியில் மல்லிநாத சுவாமி ஜினாலயம் இருப்பது வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது, ராஜகோபாலனைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். தமிழ்ச் சமணக் குடும்பங்கள் இந்தப் பக்கம் இன்றும் உண்டு. நயினார் தம் பழைய ஹெர்குலிஸை ஓவராயிலுக்கு விடும்போதெல்லாம் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பேசுவார். அவர்கள் கணக்கில் வினை என்பது வெறும் கருத்து அல்ல, நிஜமான நுண்ணிய பொருள். ஆசையும் கோபமும் உயிரின் மேல் எண்ணெய்ப் பூச்சுப் போல இருப்பதால் அந்தத் தூள் வந்து ஒட்டிக்கொள்கிறது. வருவதற்கு ஊற்று என்று பேர், வருவதை அடைப்பது செறிப்பு, ஒட்டியதைத் தட்டிக் கழிப்பது உதிர்ப்பு. ஒரு ஹப்பின் வாழ்க்கையை இதைவிடத் துல்லியமாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

கிரீஸ் இல்லாமல் ஹப்பு ஓடாது. அந்தக் கிரீசேதான் தூசியைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. கோடையில் எங்கள் பக்கத்து வாய்க்கால் மண் பவுடராகப் பறக்கும், அது கிரீசில் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு எஞ்சின் பட்டறையில் போய்ப் பாருங்கள். வால்வு தேய்க்க அங்கே ஒரு பேஸ்ட் வைத்திருப்பார்கள், கிரீசில் சாணைக்கல் தூளைக் கலந்தது. அதையேதான் நாம் ஹப்புக்குள் வைத்துச் சுற்றிக்கொண்டிருக்கிறோம். ஐப்பசி, கார்த்திகையில் வேறு கதை. தேங்கிய தண்ணீரில் ஓட்டிப் போனால் தண்ணீர் உள்ளே இறங்கிக் கிரீஸ் பால் நிறமாகிவிடும். மழை முடியும் மட்டும் வண்டியை ஓரமாகச் சாத்தி வைத்தால் அடியில் உள்ள குண்டுகள் மட்டும் துருப்பிடித்துக் கிடக்கும். செறிப்பு முதலில், உதிர்ப்பு பிறகு என்று நயினார் சொல்லும் வரிசையைக் கடைப்பையன்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். ஹப்பின் தூசி மூடி கழன்று விழுந்து வருஷக்கணக்காகிறது, அதைக் கவனிக்காமல் டீசலில் போட்டு மணிக்கணக்காகக் கழுவுகிறார்கள். (முன்பெல்லாம் மண்ணெண்ணெய். இப்போது அது எங்கே கிடைக்கிறது?) மூடியில்லாமல் கழுவிய ஹப்பு அடுத்த அறுவடைக்குள் பழையபடி கரகரக்கும்.

ஆனாலும் நயினார் வழியில் என்னால் கடைசி வரைக்கும் போக முடிவதில்லை. அவர் கணக்குப்படி, ஊற்றை அடைத்து ஒட்டியதை உதிர்த்துவிட்டால் உயிர் தன் இயல்பான தூய்மையில் நிற்கும், அதற்கு மேல் ஒன்றுமில்லை. நான் கழுவிய ஹப்போ, எவ்வளவு கழுவினாலும், கொஞ்சம் தடுக்கத்தான் செய்கிறது. வந்ததெல்லாம் போன பிறகும் மிஞ்சுகிற ஒன்று இருக்கிறது. அதை இல்லை என்று சொல்ல என் கை ஒப்பவில்லை.

இங்கேதான் உமாபதி சிவம் வருகிறார். திருவருட்பயன் பத்துப் பத்தாக நூறு குறள், அதில் ஒரு பத்துக்கு இருள்மல நிலை என்று பெயர். இருட்டு மற்றப் பொருள்களை மறைக்கும், ஆனால் தான் இருட்டு என்பதையாவது காட்டிவிடும். ஆணவம் மற்றதையும் காட்டாது, தன்னையும் காட்டாது என்கிறார். வகுப்பில் இதைக் கேட்டபோது பக்கத்தில் இருந்தவர்கள் குறித்துக்கொண்டார்கள். எனக்கு நினைவுக்கு வந்தது இறுகிய கோன்.

கோன் தளர்ந்திருந்தால் சக்கரம் ஆடும், சத்தம் வரும், ஆளும் கடைக்கு வந்துவிடுவார். இறுகிய கோன் சத்தமே போடாது. சக்கரம் நேராக, அமைதியாக, ஒழுங்காகச் சுற்றும். மிதிப்பவருக்குத்தான் கனமாக இருக்கும், அவரோ அதை வண்டியின் கோளாறு என்று நினைக்க மாட்டார். பெரியவர்கள் வயசாயிடுச்சு என்பார்கள். புதுச் சைக்கிள் எந்தக் கம்பெனியாக இருந்தாலும் அநேகமாகக் கோன் இறுக்கமாகவேதான் பெட்டியிலிருந்து வரும். கிராமத்திலிருந்து பள்ளிக்கூடம் வரும் ஒரு பெண்பிள்ளை பஞ்சர் ஒட்ட வந்தாள். தோழிகள் எல்லாம் முன்னால் போய்விடுகிறார்கள், எனக்குத்தான் தெம்பில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தாள். சக்கரத்தைத் தூக்கி, வால்வைப் பக்கவாட்டில் நிறுத்திக் கையை எடுத்தேன். வால்வு இருக்கும் பக்கம் இம்மி கனம். ஹப்பு சரியாக இருந்தால் அது தானாகக் கீழே இறங்கி, இப்படியும் அப்படியும் ஊசலாடி அப்புறம்தான் நிற்கும். அவள் சக்கரம் விட்ட இடத்திலேயே நின்றது. அந்தப் பிள்ளைக்குத் தெம்புக்கு ஒரு குறையும் இல்லை.

ஆணவம் என்றால் திமிர் என்று நாம் வைத்திருக்கிற கணக்கு பாதிதான். சித்தாந்தம் சொல்வது, விரிந்த அறிவாகிய உயிரை ஒடுக்கி, நான் இவ்வளவுதான் என்று நம்ப வைக்கும் மலத்தை. அப்படிப் பார்த்தால் தெருவில் மீசையை முறுக்கிக்கொண்டு போகிறவனிடம் இருப்பது ஆட்டம், எல்லோருக்கும் கேட்கும். எனக்குத் தெம்பில்லை, நான் இப்படித்தான், என்னால் ஆகாது என்று ஓசைப்படாமல் மிதித்துக்கொண்டு போகிறவரிடம் இருப்பது இறுக்கம். முன்னதைக் கண்டிக்க ஊரே வரும், பின்னதைப் பணிவு என்று பாராட்டிவிடுவோம். இதுவரை கோன் டைட்டாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு ஒருவர்கூட என் கடைக்கு வந்ததில்லை.

இறுக்கத்தைச் சரிசெய்வதில் ஒரு சூட்சுமம். கோனைக் கச்சிதமாக வைத்துவிட்டு அதைப் பூட்டும் லாக்நட்டைப் பிடித்தால், நட்டு கோனை இம்மி உள்ளே தள்ளிவிடும், மறுபடியும் இறுக்கம். ஆகவே மயிரிழை ஆட்டம் விட்டுத்தான் கோனை நிறுத்த வேண்டும், அந்த ஆட்டம் லாக்நட்டில் போய்விடும். சரியான இடத்துக்குச் சற்று முன்பே நிறுத்தத் தெரிய வேண்டும். குண்டு அடுக்குவதிலும் அப்படித்தான், ஒரு குண்டுக்குக் குறைவான இடைவெளி எப்போதும் மிஞ்ச வேண்டும். இடம் இருக்கிறதே என்று இன்னொன்றை நெருக்கி வைத்தால் போயிற்று. எல்லாக் குண்டும் ஒரே திசையில் சுழல்வதால், பக்கத்துப் பக்கத்துக் குண்டுகள் தொடும் இடத்தில் ஒன்றின் மேனி மேலே போகும், மற்றதன் மேனி கீழே வரும். நெருக்கம் கூடினால் ஒன்றையொன்று பிறாண்டிக்கொள்ளும். நல்லவர்கள் நாலு பேர் ஒரே வீட்டில் ஏன் சண்டை போடுகிறார்கள் என்று கேட்பவர்களிடம் இதைச் சொல்வதுண்டு.

கிரீஸைப் பற்றி ஒரு வார்த்தை. சித்தாந்தக் கணக்கில் உடம்பு, கருவி, உலகம், அனுபவம் எல்லாம் மாயை, அதுவும் ஒரு மலம்தான். மலத்தைக் கொண்டு மலத்தைக் கழுவுவது எப்படி என்று சித்தியாரில் ஒரு கேள்வி வருகிறது. வண்ணான் சாணியையும் உவர்மண்ணையும் துணியில் ஏற்றித்தானே அழுக்கை எடுக்கிறான் என்பது விடை. டீசலில் முழங்கை வரை நனைந்து நிற்பவனுக்கு அந்த விடை எளிதில் விளங்கும். நாற்றமடிக்கும் ஒன்றை விட்டுத்தான் பிசுக்கை எடுக்கிறேன். நாம் பயன்படுத்தும் கிரீசே பெரும்பாலும் எண்ணெயை லித்தியம் சோப்பில் பிடித்து வைத்ததுதான் என்று தெரிந்துகொண்டபோது வண்ணான் உவமை எனக்கு இன்னும் பிடித்துப் போயிற்று. ஒன்று மட்டும் ஒத்துவரவில்லை. சாணியும் உவரும் அழுக்கோடு சேர்ந்து போய்விடும், துணியில் தங்காது. கிரீஸ் தங்க வேண்டும். தங்கி, இரும்புக்கும் இரும்புக்கும் நடுவில் நின்று, உராய்வை அழிக்காமல் அடக்க வேண்டும்.

வகுப்பு கலைந்த பிறகு ஐயாவைத் தனியாகப் பிடித்துச் சொன்னேன். "ஐயா, உராய்வு சுத்தமா இல்லேன்னா குண்டு உருளாதுங்க. மலம் சுத்தமா இல்லேன்னா உயிரு அனுபவிக்கிறது எப்படி?" அவர் சிரித்தார். "அது உங்க கடைச் சித்தாந்தம், தம்பி. ஆணவம் உயிருக்கு வேணும்னு எந்த ஆச்சாரியாரும் சொல்லலை." இரண்டடி நடந்தவர் நின்றார். உண்மை விளக்கத்தில் திருவதிகை மனவாசகங்கடந்தார் முத்தி நிலையில் மூன்று பொருளுக்கும் வேலை சொல்லியிருப்பதை அவரே எடுத்துச் சொன்னார். அனுபவிப்பது உயிர், இன்பத்தைக் கொடுப்பது இறைவன், அதை விளைவிப்பது மலம். "ஆனா இதை வச்சுக்கிட்டு மலம் நல்லதுன்னு கடையில போர்டு மாட்டிடாதீங்க" என்று எச்சரிக்கையும் செய்தார். மாட்டவில்லை. எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. மலம் அங்கே வேலையற்று மூலையில் கிடக்கவில்லை. இங்கே மறைக்கிற வேலை செய்தது, அங்கே அடங்கி வேறு வேலை செய்கிறது.

டீச்சரம்மாவுக்கு வாசலிலேயே பதில் சொல்லிப் பார்த்தேன். குளியல் வந்து ஒட்டிய அழுக்குக்கு, அது போகும், மறுபடி வரும், மறுபடி குளிக்க வேண்டும். கூடவே இருப்பதைக் குளித்துப் போக்க முடியாது, அது அடங்குகிற மாதிரி கோனை வைக்க வேண்டும். "அப்ப ஓவராயிலுக்கு உத்தரவாதம் கிடையாதுங்கிற" என்றார். கிடையாதுதான். உராய்வை ஒழித்துத் தருகிறேன் என்று நான் யாரிடமும் காசு வாங்கியதில்லை. அவர் முழுக்கச் சமாதானமானதாகத் தெரியவில்லை, ஆனால் அடுத்த மாதமும் வகுப்புக்கு வந்தார்.

இன்னும் ஒரு வகைக் கேடு பாக்கி. அதுதான் எனக்கும் ஐயாவுக்கும் இன்றுவரை தீராத வழக்கு.

கழுவி முடித்த கோனை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால் சிலவற்றில் ஒரே ஒரு இடத்தில் மட்டும் சொரசொரவென்று பள்ளம் இருக்கும். காரணம் எளிது. கப்பு சக்கரத்தோடு சுற்றுகிறது, ஆகவே அதன் தேய்மானம் வட்டம் முழுக்கப் பங்கு போட்டுக்கொள்ளப்படும். கோன் ஆக்சிலோடு அசையாமல் நிற்கிறது. ரோடு கொடுக்கும் அடி எல்லாம் அதன் அடிப்பக்கத்தில், அதே இடத்தில், வருஷம் பூராவும் விழும். ஹேண்டில் கப்பிலும் இதைப் பார்க்கலாம். நேராகப் பிடிக்கும் இடத்தில் ஹேண்டில் போய் மாட்டிக்கொள்ளும், திருப்பினால் உதறும். குழியில் இறங்கி இடித்ததால் என்று எல்லோரும் சொல்வார்கள். பெரும்பாலும் அது காரணமில்லை. திரும்பாமல் ஒரே நிலையில் நின்று அதிர்ந்து அதிர்ந்து, கிரீஸ் ஒதுங்கி, இரும்பை இரும்பு அரித்ததுதான். அமெரிக்காவில் ரயிலேற்றி அனுப்பிய புதுக் கார்களின் பேரிங்குகள் ரோட்டில் ஓடும் முன்பே இப்படிப் பள்ளம் விழுந்து கிடந்ததை 1930-களில் ஆராய்ந்திருக்கிறார்கள். சும்மா இரு என்பது பெரிய உபதேசம், மறுக்கவில்லை. உள்ளே அதிர்ந்துகொண்டே வெளியே சும்மா இருப்பது வேறு சமாசாரம்.

இந்தப் பள்ளம் டீசலில் போகாது, கிரீஸ் அப்பினாலும் நிரம்பாது. கோனை மாற்றுவதுதான் முறை. பழைய மாடலுக்குக் கோன் கிடைக்காதபோது, அல்லது வாங்க வழியில்லாதவர் வந்து நிற்கும்போது, அப்பா ஒன்று செய்வார், நானும் செய்கிறேன். ஆக்சில் நட்டைத் தளர்த்தி, கோனும் லாக்நட்டும் பூட்டியபடியே இருக்க, ஆக்சிலை அரைச் சுற்றுத் திருப்பி மறுபடி இறுக்கிவிடுவது. பள்ளம் மேலே போய்விடும், இதுவரை அடிபடாத பக்கம் கீழே வரும். வண்டி ஓடும், கரகரப்பு பெரும்பாலும் நின்றுவிடும்.

செய்த வினை, அனுபவித்துத்தான் தீர வேண்டும் என்று ஐயா பிராரத்தத்தை விளக்கிய அன்று இதைக் கேட்டேன். அவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"பள்ளம் போயிருச்சா?"

"போகலைங்க. மேல இருக்கு."

"அப்ப வினை கழியலை."

"கழியலைதான். ஆனா பாரம் அது மேல இல்லைங்களே."

"யாரு திருப்புனது?"

"நான்தான்."

"ஆக்சில் உங்களைக் கேட்டுச்சா?"

"ஆக்சில் எப்படிங்கய்யா கேக்கும்? சத்தம் போட்டுச்சு."

ஐயா கொஞ்சநேரம் பேசவில்லை. சிவஞான முனிவர் மாபாடியத்தில் இதற்கு இடம் இருக்கும், பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார். ஐந்தாம் சூத்திரத்தில் சொல்வார், ஆறில் சொல்வார் என்று நோட்டும் கையுமாகப் போய் உட்கார்ந்தேன். வகுப்பு இப்போது எட்டாம் சூத்திரத்தில் இருக்கிறது, இன்னும் சொல்லவில்லை.